மணலியின் இரவுக் காற்று

திருவொற்றியூர் தேரடியிலிருந்து மேற்கே போனால் ரயில் பாதை, அடுத்து பக்கிங்காம் கால்வாய், அதையும் தாண்டினால் சாத்தாங்காடு. அதற்கு அந்தப் பக்கம் மணலி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். உயரமான குழாய் ஒன்றின் நுனியில் சுடர் எரிவதும் தெரியும். 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு தொடங்கிய ஆலை அது. இன்று அதன் திறன் 1 கோடியே 5 லட்சம் டன். சுற்றிலும் உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், கிடங்குகள், வரிசை கட்டி நிற்கும் டேங்கர் லாரிகள். இவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கிறோம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் தெருவில் யாருக்கு மூக்கு எரிந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "டீச்சர், ராத்திரி ஒரு வாடை வந்துச்சே, அது என்ன கேஸ்?" என்பதுதான் வழக்கமான கேள்வி. ஒரு நாள் எதிர் வீட்டு அம்மா கேட்டது வேறு மாதிரி. அவருடைய பேரனுக்கு வீசிங் உண்டு. விடியற்காலையில் நெபுலைசர் வைத்துப் பையனைத் தூங்கப்பண்ணிவிட்டு, காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு வந்து நின்றார். திரையில் மணலிக்கான காற்றுத் தர எண் பச்சை நிறத்தில் இருந்தது. கீழே 'திருப்திகரம்' என்று போட்டிருந்தது. "போன்ல பச்சைன்னு காட்டுது டீச்சர். அப்ப எங்களுக்குத்தான் கோளாறா?" என்றார்.

அவர் போனில் இருந்த எண்ணும் சரி, அவர் பேரனின் மூச்சிரைப்பும் சரி. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் வேண்டிய விஷயமில்லை இது. ஆலை மதிலுக்குப் பக்கத்தில் வசிக்கும் எல்லோருக்கும் வேண்டியது.

நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. அது எட்டுப் பொருள்களைக் கணக்கில் எடுக்கிறது: பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு வகை நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் எண் போடுவார்கள். அவற்றில் எது அதிகமோ அதுவே அன்றைய குறியீடு. பெரும்பாலான பொருள்களுக்கு 24 மணி நேரச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள்.

அந்தச் சராசரியில்தான் எங்கள் ராத்திரி காணாமல் போகிறது. கரும்பலகையில் போடுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கன மீட்டர் காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடு 23 மணி நேரம் 20 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை, அந்த ஒரு மணி நேரம் மட்டும், 500 மைக்ரோகிராம். 23-ஐ 20-ஆல் பெருக்கினால் 460. அதோடு 500 சேர்த்தால் 960. 24-ஆல் வகுத்தால் 40. இந்தியத் தரப்படி இந்த வாயுவுக்கு 24 மணி நேர வரம்பு 80. குறியீட்டில் 40 வரை 'நல்லது' என்ற முதல் படியிலேயே வரும். அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிய குழந்தைக்கு அந்த நாள் நல்ல நாளா? உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 24 மணி நேர அளவோடு, பத்தே நிமிடத்துக்கென்று தனியாக ஓர் அளவையும் வைத்திருக்கிறது: 500 மைக்ரோகிராம். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் சில நிமிடங்களிலேயே சுருங்கிவிடும் என்பதால் வந்த அளவு அது. நம் குறியீட்டில் பத்து நிமிடத்துக்கு இடமே இல்லை.

இன்னொன்று, அந்த எட்டில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய பெயர் பென்சீன். கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருப்பது. 80 டிகிரியில் கொதிக்கும், அதற்கு வெகு முன்பே ஆவியாகிக்கொண்டே இருக்கும். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட பொருள். 2009 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் காற்றுத் தரங்களில் 12 பொருள்கள் இருக்கின்றன. பென்சீன் அதில் உண்டு. ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் நீங்கள் போனில் பார்க்கும் குறியீட்டில் பென்சீன் சேராது. பென்சீன் எவ்வளவு ஏறினாலும் அந்தப் பச்சை நிறம் மாறாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடோ 12-லும் இல்லை, எட்டிலும் இல்லை.

சரி, மூக்கை நம்பலாமா? பாதி நம்பலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டுபிடிப்பதில் மனித மூக்குக்கு இணை குறைவு. நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே தெரிந்துவிடும். சமையல் கேஸில் சேர்க்கிறார்களே மெர்காப்டன், அதுவும் அப்படித்தான். எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கந்தகப் பொருளைத் துளி கலக்கிறார்கள். பென்சீனுக்கு வருவோம். அதற்கு லேசான இனிப்பு வாடை உண்டு. ஆனால் 5 மைக்ரோகிராம் என்ற வரம்பைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இருந்தால்தான் மூக்குக்கு எட்டும். அதற்குக் கீழே இருக்கும் பென்சீன் வாடையே இல்லாமல் நுரையீரலுக்குள் போய்வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் ஒரு பயங்கரம் இருக்கிறது. அளவு மிக அதிகமானால் அது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டது என்று நிம்மதியடைவதே ஆபத்தாகிவிடும். ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு இது பாலபாடம். வெளியே இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த வாயுக்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் கேட்பார்கள். எல்லாரும் கையைக் காட்டுவது புகைபோக்கியை. அது ஒரு வழிதான். கச்சா எண்ணெயில் கந்தகம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அதைக் கந்தகமாக மாற்றி மூட்டை கட்ட ஆலைக்குள் தனிப் பிரிவு இருக்கும். அந்தப் பிரிவு நின்றுபோனாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ, வாயுவை அப்படியே வெளியே விட முடியாது, சுடர்க் குழாயில் விட்டு எரிப்பார்கள். எரிந்தால் அது சல்ஃபர் டை ஆக்சைடு. சுடர் வழக்கத்தைவிடப் பெரிதாகி வானம் ஆரஞ்சு நிறமாகும் இரவுகளில், உள்ளே ஏதோ ஒரு பிரிவை நிறுத்துகிறார்கள், அல்லது தொடங்குகிறார்கள், அல்லது ஏதோ கோளாறு. மூன்றில் எது என்று மதிலுக்கு வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

பென்சீன் வரும் வழி வேறு. ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்பு அடைப்புகள் என்று ஆயிரக்கணக்கான மூட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியலாம். சேமிப்புத் தொட்டிகளின் மிதக்கும் கூரையின் விளிம்பில், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியின் மேல், லாரியில் எரிபொருள் ஏற்றும் இடத்தில் ஆவி கிளம்பும். இதற்குப் புகையும் கிடையாது, நிறமும் கிடையாது. 2008-இல் வந்த சுத்திகரிப்பு ஆலைகளுக்கான விதிகள் இந்தக் கசிவுகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்கின்றன. 2014-க்குப் பின் பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள் வைக்கப்பட்டு, அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாகப் போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவி புகைபோக்கிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தொட்டி விளிம்பில் கிளம்பும் ஆவி அதன் கண்ணில் படாது.

காற்றின் திசையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. சென்னையில் பகலில் கடலிலிருந்து காற்று வரும். மணலியின் புகை அப்போது மாதவரம் பக்கம் போகும். இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பிக்கொள்ளும், மேற்கிலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகரும். அப்போது வழியில் இருப்பது திருவொற்றியூர். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்குக் காற்றுப் பருவமும் சேர்ந்துகொள்ளும். மார்கழி விடியலில் இன்னொரு தொல்லை. தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். கீழே கசிந்தது மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். ஆகவே ஆலைக்குக் கிழக்கே இருப்பவரின் இரவை, மேற்கே இருக்கும் காற்று அளவீட்டு நிலையம் பதிவு செய்யாது. அந்த நேரத்தில் அந்த நிலையத்துக்கு வருவது ஆலையைத் தொடாத காற்று.

மணலியில் மத்திய வாரியத்துக்கும் மாநில வாரியத்துக்கும் தொடர் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் மூன்றிலும் பழைய முறைப்படி ஆள் போய் மாதிரி எடுக்கும் நிலையங்களும் உண்டு. அந்த முறையில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளப்பதே இலக்கு. மீதி 261 நாள் என்ன நடந்தது என்று அந்தக் கருவியிடம் கேட்க முடியாது. 2009-இல் மத்திய வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீட்டு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டிய 43 இடங்கள் 'கடுமையாக மாசடைந்தவை' ஆயின. மணலி 76.32 வாங்கியது. கடலூர் 77.45.

கடலூரைச் சொன்னேன். அங்கே நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நம்பிக்கை தந்த கதை அது. ஆனால் அதன் தொடக்கம் கலிஃபோர்னியாவில்.

1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே ரோடியோ என்ற ஊரில் யூனோகல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வேதிக் கரைசல் ஒன்று 16 நாள் கசிந்துகொண்டே இருந்தது. சுற்றுவட்டார மக்கள் நோய்ப்பட்டார்கள். அவர்களுக்காக வழக்காட வந்த வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரி. 'எரின் ப்ரோக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரியவரைத் தெரிந்திருக்கும். ஊருக்கு வந்தபோது அவருக்கே ஆலைப் புகை தாக்கி உடம்புக்கு முடியாமல் போனது. அதிகாரிகளைக் கேட்டால் கருவிகள் எதையும் காட்டவில்லை என்றார்கள். அவர் ஒரு பொறியாளரை அழைத்து, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் காற்றைப் பிடிக்க ஒரு வழி செய்யச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் வாளி.

வாளி என்றால் நிஜமாகவே பெயின்ட் வாளிதான், நம் ஊர் 20 லிட்டர் அளவு. மூடி காற்றுப் புகாமல் இறுக மூட வேண்டும். உள்ளே வேதிப்பொருள்களோடு வினைபுரியாத டெட்லார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பை. அந்தப் பையின் வாயிலிருந்து ஒரு குழாய் மூடியைத் துளைத்து வெளியே வரும். மூடியில் இன்னொரு துளையில் சின்ன பம்பு. பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், உள்ளே அழுத்தம் குறைந்து, பை தானே விரிந்து வெளிக் காற்றை இழுத்துக்கொள்ளும். பிளஸ் ஒன் மாணவிகளுக்கு நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று நடத்தும் அதே தத்துவம். மாதிரிக் காற்று பம்பைத் தொடுவதே இல்லை, அதனால் கலப்படத்துக்கு வழி குறைவு. சில நிமிடங்களில் பை நிறைந்துவிடும். வால்வை மூடி, நேரத்தையும் இடத்தையும் எழுதி, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே காஸ் குரோமட்டோகிராஃபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிகள் பைக்குள் என்னென்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடும்.

அந்த வாளி அமெரிக்காவின் ஆலையோர ஊர்களுக்குப் பரவியது. லூயிசியானாவில் நார்கோ என்ற ஊரின் டயமண்ட் குடியிருப்பில், ஷெல் நிறுவனத்தின் வேலியிலிருந்து 25 அடியில் குடியிருந்த மார்ஜி ரிச்சர்ட் அதைக் கையில் எடுத்தார். அவரும் பள்ளி ஆசிரியை. நெதர்லாந்தில் நடந்த மாநாடு ஒன்றுக்குத் தம் ஊர்க் காற்று அடைத்த பையைக் கொண்டுபோய் நிறுவனத்தின் அதிகாரியிடம் நீட்டினார். 2002-இல் அந்தக் குடியிருப்பு மக்களின் வீடுகளை வாங்கிக்கொண்டு வேறு இடம் போக வழி செய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2004-இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

அதே 2004-இல் அந்த வாளி கடலூருக்கு வந்தது. கடலூர் சிப்காட் வளாகம் உப்பனாற்றின் கரையில் இருக்கிறது. அங்கே இருப்பது சுத்திகரிப்பு ஆலை அல்ல. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பசை என்று வகைவகையான ரசாயன ஆலைகள். ஈச்சங்காடு, சொன்னாஞ்சாவடி, குடிகாடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் வாடையைக் குறித்து வைக்கத் தொடங்கினார்கள். எந்த நேரம், எந்தத் திசை, என்ன மாதிரி நாற்றம். பிறகு ஊர் இளைஞர்களே வாளியில் காற்றைப் பிடித்தார்கள். பைகள் கலிஃபோர்னிய ஆய்வகத்துக்குப் போயின. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான அறிக்கையில் 22 நச்சுப் பொருள்களின் பெயர்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அபாயக் கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

இதில் என் மனத்தைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. 2004-இல் இந்தியாவின் காற்றுத் தரப் பட்டியலில் பென்சீனே கிடையாது. அன்று நடப்பில் இருந்த 1994-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆவியாகும் கரிமப் பொருள் ஒன்றுகூட இல்லை. வரம்பே இல்லாத பொருளை எவ்வளவு சுவாசித்தாலும் வரம்பு மீறல் ஆகாது அல்லவா? மாசு இல்லை என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தால், அவர் பொய் எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேடாததைக் காணவில்லை, அவ்வளவுதான். பள்ளிப் படிப்பைத் தாண்டாத பலர் அங்கே, எதைத் தேட வேண்டும் என்று அரசுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அமெரிக்கா பிறகு ஒரு படி மேலே போனது. 2015-இல் வந்த விதிப்படி அங்கே ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் தன் மதிலோரம் சுற்றிலும் பென்சீனை அளந்தாக வேண்டும். விரல் நீளச் சின்னக் குழாய்கள், உள்ளே பென்சீனை ஈர்த்து வைக்கும் பொருள், மின்சாரம்கூட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் குழாயில் மிக அதிகமோ அதிலிருந்து மிகக் குறைந்ததைக் கழிப்பார்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கும் போக்குவரத்துப் பென்சீன் இப்படிக் கழிந்துபோகும், மிச்சம் ஆலையின் பங்கு. அந்த மிச்சத்தின் ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஆலை காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். 2018 முதல் இந்த அளவீடு கட்டாயம். அளவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதிலும் குறை உண்டு, இரண்டு வாரச் சராசரியில் ஒரு ராத்திரி கரைந்துவிடும். ஆனால் ஆலையின் எந்த மூலையில் கசிகிறது என்று குழாய்களின் வரிசையே காட்டிக்கொடுக்கும்.

கலிஃபோர்னியா அந்த ராத்திரியையும் பிடிக்கப் பார்க்கிறது. 2012 ஆகஸ்டில் ரிச்மண்ட் நகரின் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தது, ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பின்னர் 2017-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மதிலோரத்தில் நிகழ்நேர அளவீடு, பக்கத்துக் குடியிருப்புகளிலும் அளவீடு, அளவுகள் உடனுக்குடன் மக்களுக்கு. மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளிக்கற்றையைச் செலுத்தி, நடுவில் எந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்கும் கருவிகள் அங்கே நிற்கின்றன.

எங்கள் தெருவில் ஒளிக்கற்றையும் இல்லை, வாளியும் இன்னும் இல்லை. நோட்டு இருக்கிறது. கடலூர்க்காரர்கள் செய்ததைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில வீடுகளில், பெரும்பாலும் பெண்கள், எழுதி வைக்கிறார்கள். வாடை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எங்கே நின்றபோது தெரிந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு மாடியில் ஓர் ஊதுவத்தி போதும், புகை சாயும் பக்கத்துக்கு நேரெதிரே பார்க்க வேண்டும். சுடர் சின்னதா பெரிதா, புகை கறுப்பா வெளுப்பா. யாருக்கு என்ன ஆனது: கண் எரிச்சல், குமட்டல், தலைவலி, இருமல். வாரியத்துக்குப் புகார் போட்டால் அந்தப் புகார் எண்.

வாடையை எப்படி எழுதுவது என்பதில் ஆரம்பத்தில் நிறையப் பேச்சு நடந்தது. 'கெட்ட நாற்றம்' என்று எழுதினால் ஒன்றும் புரியாது. இப்போது எல்லோரும் ஒரே சொற்களில் எழுதுகிறோம். 'அழுகின முட்டை' என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்க வாய்ப்பு அதிகம். 'தீக்குச்சி உரசின நெடி' என்றால் சல்ஃபர் டை ஆக்சைடு. 'சிலிண்டர் கசிவு' மெர்காப்டன் வகை. 'பெட்ரோல் பங்க்' என்றால் பென்சீனும் அதன் உறவுக்காரர்களும் சேர்ந்த ஆவி. 'மூத்திர நெடி' அம்மோனியா. 'தார்' தனி. இவை தீர்ப்புகள் ஆகிவிடாது, ஆய்வகத்துக்கு எதைத் தேடச் சொல்ல வேண்டும் என்ற குறிப்புகள்.

ஒரே நேரத்தில் வெவ்வேறு வீடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளை வரைபடத்தில் வைத்து, காற்று வந்த திசையில் பின்னோக்கிக் கோடு இழுத்தால், கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று தெரியும். பல ஆலைகள் நெருங்கி நிற்கும் மணலியில் இது முக்கியம். ஒவ்வோர் ஆலையும் பக்கத்து ஆலையைக் கைகாட்டலாம், கோடு அப்படிக் கைகாட்டாது. அடுத்து, மத்திய வாரியத்தின் தரவுத் தளத்தில் அதே நேரத்துக்கான அளவுகளைப் பார்ப்போம். குறியீட்டு எண்ணைப் பார்க்காமல் 15 நிமிட அளவுகளைப் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் நாள், நேரம், பொருள் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் பட்டியலாகவே இறங்கும். எதிர் வீட்டு அம்மாவுக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். இப்போது அவர் போன் திரையின் நிறத்தை நம்புவதில்லை, நேரடியாக அட்டவணைக்குப் போகிறார். சல்ஃபர் டை ஆக்சைடு வரிசையில் விரலை வைத்து, "பாருங்க டீச்சர், ரெண்டு மணிக்கு ஏறி இருக்குது" என்று அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பிளஸ் டூ தேர்வில் மாணவி சென்டம் வாங்கினாலும் வந்திருக்காது.

கடையில் கிடைக்கும் சின்னக் காற்றுமானிகளை வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை லேசர் ஒளி சிதறுவதை வைத்து நுண்துகளை மட்டும் எண்ணுபவை. கடலோர ஈரக் காற்றில் நீர்த்துளியையும் துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும். பென்சீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு தெருவின் போக்கைப் பார்க்க உதவும், புகார் மனுவில் ஒரே சான்றாக வைக்க உதவாது.

மக்கள் தெருவுக்கு வந்தால்தான் கருவி வரும் என்ற நிலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களிலெல்லாம் கறை படிந்தது. அந்தத் துர்வாடை போவதற்குள், அதே மாதக் கடைசியில், ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசலில் அம்மோனியா 2,090 மைக்ரோகிராம். வரம்பு 400. வாசலில் நிரந்தரமாக ஒரு கருவியும், வரம்பைத் தொட்டதும் ஊருக்குக் கேட்கும்படி ஒரு சைரனும் இருந்தால், மூக்கை நம்பி ஓட வேண்டியிருக்காது.

நாங்கள் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் மனுவில் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. மணலித் தொழிற்பகுதியின் மதிலோரங்களில் பென்சீனுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் தொடர் அளவீடு வேண்டும். அந்த அளவுகள் மணிக்கு மணி, சராசரியோடு உச்ச அளவும் சேர்த்து, தமிழில், வார்டு அலுவலக வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் ஓட வேண்டும். கந்தகப் பிரிவு நின்றாலோ சுடரில் அதிகமாக எரிக்க நேர்ந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் காரணத்தோடு குறுஞ்செய்தி வர வேண்டும். வீசிங் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சன்னலை மூடவாவது அது உதவும். கால்வாய்க்குக் கிழக்கே, இரவுக் காற்று வந்து சேரும் பக்கத்தில், தொடர்ந்து அளக்கும் நிலையம் ஒன்று வேண்டும். இந்த நான்கையும் எழுதிவிட்டு, நோட்டிலிருந்து வாடை வந்த இரவுகளின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே நேரத்து 15 நிமிட அளவோடு, பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறோம். ஆனி பிறந்தால் மேற்குக் காற்று பிடித்துவிடும். அதற்கு முன்பே, காற்றுப் பைகளை வாங்கிப் பரிசோதிக்கச் சம்மதிக்கும் ஆய்வகம் ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.